பெரட்டில் கேட்ட கேள்வி

செய்தி வந்தபோது பதுளை பஸ்ஸில் இருந்தேன். "செல்வராணி மிஸ் இன்று விடியற்காலை காலமானார்" என்று எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக. அவற்றுக்கு நடுவில் ஒருவர், பரீட்சைப் புள்ளிகள் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்வராணி இருந்திருந்தால் அந்த ஆளுக்குத்தான் முதலில் பதில் போட்டிருப்பார் என்று தோன்றியதும் அழுதுவிட்டேன்.

பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பிரிவில் பல வருடங்கள் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. அவர் பூனாகலையில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்; நான் லுணுகலைப் பக்கத்து லயத்தில். கம்பனிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் புத்தகத்தில் படிப்பித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவர். "நம்ம பாடம் மலையில ஏறுதான்னு பாக்கணும் சேர்" என்பார்.

ஒரு தேயிலைக் கம்பனி, தன் தோட்டமொன்றில் மாதாமாதம் அதிகம் கொழுந்து பறிப்பவருக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியிருந்தது. தொழிலாளர்களுக்கு அது பிடித்திருக்கிறதா என்று எங்களைக் கேட்டார்கள். நாங்கள் விடியற்காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், தோட்டத்தை நடத்தும் துரை பார்த்துக்கொண்டு நிற்க, கேள்வித்தாள்களைக் கொடுத்து வாங்கினோம். அத்தனை பேரும் 'மிகவும் திருப்தி'. லயத்தில் பிறந்த இரண்டு பேர் செய்த வேலை இது. இன்னும் வெட்கமாக இருக்கிறது. அதை வைத்து நாங்கள் எழுதிய அறிக்கையை நம்பிக் கம்பனி, திட்டத்தைத் தன் எல்லாத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகத் தயாரானது. எனக்குப் பதவி உயர்வும் கண்ணில் தெரிந்தது.

செல்வராணிக்கு மட்டும் உறக்கமில்லை. "எல்லாருமே ஒரே கட்டத்துல கோடு போட்டிருக்காங்க சேர். இது பதில் இல்ல, பயம்."

சனிக்கிழமைகளில் அவர் தனியாகத் தேயிலை மலைக்குப் போனார். பெண்களோடு நிரையில் நின்று கொழுந்து பறித்தார். ஒருநாள் ஒரு பெண் சொன்னாளாம்: "தொர நிக்கையில கேட்டா நல்லாருக்குன்னுதாங்க சொல்லுவோம். முந்தியெல்லாம் மேலுக்கு முடியாதவ கூடையில ஆளுக்கு ரெண்டு கை அள்ளிப் போடுவோம். இப்ப பரிசுன்னு வந்ததும் யாரும் போடுறதில்ல."

அந்த இரண்டு கை கொழுந்து எந்தக் கணக்கிலும் இல்லை. அது நின்றதும், நாளுக்குரிய அளவை எட்ட முடியாமல் சம்பளம் குறைந்தவர்கள் தோட்டத்தை விட்டு, பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள். பரிசு வாங்கியவர்கள் முன்னைவிட அதிகம் பறித்தும் மொத்தக் கொழுந்து குறைந்தது. கம்பனியோ தொழிலாளர்கள் சோம்பேறிகள் என்றது.

முதல் அறிக்கை பிழை என்று செல்வராணி இரண்டாவது அறிக்கை எழுதினார். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். "பதவி உயர்வு முடியட்டும் மிஸ்" என்றேன்.

"அதுக்குள்ள எல்லாத் தோட்டத்துலயும் பரிசு வந்துரும். உங்க பேர எடுத்துறவா?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் என்னை உலுக்கியது. கம்பனிக் கூட்டத்தன்று காலை பஸ் நிலையத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்தில் ஒரு அதிகாரி, இதையெல்லாம் சொன்ன பெண்களின் பெயர்களைக் கேட்டார். "பேர் வேணும்னா என் பேர எழுதிக்குங்க" என்றார் செல்வராணி. "பிழை அவங்க வேலையில இல்ல, உங்க பரிசுலயும் எங்க கேள்வியிலயும்." திட்டம் மற்றத் தோட்டங்களுக்குப் போகவில்லை. என் பதவி உயர்வு பிந்தித்தான் வந்தது. அதற்காக அவரை நேரிலேயே பலமுறை திட்டியிருக்கிறேன். சிரிப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவர் என்னிடம் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தது உங்களுக்குத் தெரியாது. பெரட்டில் வாங்கிய அந்தக் கேள்வித்தாள்கள். "வச்சுக்குங்க சேர், தேவைப்படும்" என்றார்.

அடக்கம் முடிந்த வாரத்திலேயே தேவைப்பட்டது. இன்னொரு கம்பனி ஆய்வு கேட்டு வந்தது. பெரட்டிலேயே கேட்டு முடித்துவிடலாம் என்றார்கள். முடியாது என்றேன். வருகிற சனிக்கிழமை மலைக்குப் போகிறேன்.

கட்டு என் மேசையில் இருக்கிறது. மேல்தாளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. கீழே இருப்பது என் கையெழுத்து.