மேற்கு ஜன்னல் வீட்டுக்கு வந்த டிவி

ராசிபுரத்தில் வெண்ணெய் வாங்கி நெய் காய்ச்சி விற்கும் பாப்பாயியை ஏமாற்றுவது கஷ்டம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சந்தைக்கு வெண்ணெய்க் கூடையோடு வரும் பெண்கள் அவளைக் கண்டதுமே மூடிய துணியை விலக்கிவிடுவார்கள். மேலாக இருப்பதை அவள் தொடமாட்டாள். விரலை அடிவரைக்கும் விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்து, கரண்டியில் கொஞ்சம் உருக்கிய பிறகுதான் விலை பேசுவாள்.

இந்தச் சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்ததல்ல. ஜேடர்பாளையத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில் யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவாள். கணவர் தனபால் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் வீடு திரும்புவார். தனியாக இருந்தவள் தொழிலைத் தொடங்கினாள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஒருத்தி கொடுத்த வெண்ணெயில் வனஸ்பதி கலந்திருந்தது. அந்த நெய் ஆத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், மறுநாளே டின் டின்னாகத் திரும்பி வந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, கல்யாண வீட்டார் அவள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டர் வந்தாலும் எடை போட்டுப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பாள். வடக்கே இருந்து தனபால் போன் செய்தால், "பொறத்தால என்ன சத்தம் கேக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. தனபாலுக்கு அதில் கோபம் வராது. "கம்ப்ரசர் ஓடுது புள்ள" என்று சொல்லி, போனை அந்தப் பக்கமாக நீட்டிக் காட்டுவார்.

போன வருஷம் ரிக்கிலிருந்து குழாய் சரிந்து தனபாலுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு ஹாலில் கட்டில் போட்டாள் பாப்பாயி. தெருவாசலும் தெரிய வேண்டும், டிவியும் தெரிய வேண்டும் என்று கட்டிலைப் பக்கவாட்டில் போட்டிருந்தது. காலையில் செய்தி, மத்தியானம் பழைய படம், சாயங்காலம் கபடி என்று அவருக்குப் பொழுது போனது. அந்த டிவியில்தான் ஒருநாள் குறுக்கே கோடு விழுந்தது. அடுத்த வாரம் பாதிப் படம் காணாமல் போனது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சிவபிரகாஷ் போனிலேயே முடிவு சொல்லிவிட்டான். "ஓலெட் டிவி வாங்கும்மா. அதுலதான் கறுப்பு நெசமான கறுப்பாத் தெரியும். கடைக்காரன் வேற எதையாவது உன் தலையில கட்டப் பாப்பான், ஏமாந்துறாத."

கடைசி வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் இருந்த பெரிய ஷோரூமுக்குப் போனாள். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி ஒரே நேரத்தில் சிறகை விரித்தது. சட்டைப் பையில் அத்னான் என்று பெயர் குத்தியிருந்த விற்பனையாளர் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது.

"தம்பி, இந்தக் கிளிய நிறுத்திப்போட்டு எங்க ஊட்டுல வார கேபிள் சேனல் எதுனாச்சும் போடுங்க."

அத்னான் மறுபேச்சில்லாமல் போட்டார். செய்தி வாசிப்பவரின் முகம் சோப்பு நுரை பூசியது போல மங்கலாக இருந்தது.

"பாத்தீங்களா? கிளிக்கு மட்டும் இறகு இறகாத் தெரியுது. மனுசன் மூஞ்சி தெரியல."

"டிவி நல்ல டிவிதாங்கம்மா. கேபிள்ல வர்ற படமே அவ்வளவுதான். பெரிய ஸ்க்ரீன்ல போட்டா அந்தக் குறை பெருசாத் தெரியும்" என்றவர், கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஜன்னல் எந்தப் பக்கம்? பகலில் பார்ப்பீர்களா? எந்தச் சேனல் அதிகம் ஓடும்? யார், எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள்?

வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இவனுக்கு எதற்கு? பாப்பாயி பாதி சொன்னாள், பாதியை விழுங்கினாள். ஆனாலும் மேற்கு ஜன்னலையும் செய்திச் சேனலையும் சொல்லிவிட்டாள்.

"அப்படின்னா ஓலெட் வேண்டாங்கம்மா. ராத்திரி இருட்டுல அதை அடிச்சுக்க எதுவும் இல்ல. ஆனா மத்தியான வெயில் நேரா அடிக்கிற ஹால்ல ஜன்னல்தான் டிவிக்குள்ள தெரியும். செய்தியில கீழ ஓடுற பட்டை நாள் முழுக்க ஒரே எடத்துல இருந்தா, ரொம்ப நாள்ல அந்தத் தடம் ஸ்க்ரீன்ல தங்கிரவும் கூடும். இந்த மினி எல்இடி எடுங்க. வெளிச்சம் நல்லா இருக்கும், விலையும் கம்மி."

"இதுல குறையே இல்லீங்களா?"

"இருக்குங்க. கறுப்பு அவ்வளவு கறுப்பா இருக்காது. எழுத்தைச் சுத்தி லேசா வெளிச்சம் கசியும். பக்கத்துல இருந்து பாத்தா நிறம் கொஞ்சம் வெளுக்கும். குறை இல்லாத டிவின்னு ஒண்ணு கிடையாதுங்கம்மா."

பாப்பாயிக்கு அங்கேதான் உறுத்தியது. விலை கூடின சாமானைக் கேட்டு வந்தவளை, விலை குறைந்ததுக்குத் தள்ளுகிற வியாபாரி உண்டா? தேங்கிப்போன சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான். மூஞ்சியில் இத்தனை நிதானம் வேறு.

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பியவள் பஸ் ஏறவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வந்து வாஷிங் மெஷின் வரிசைக்குப் பின்னால் நின்றாள். ஒரு டாக்டர் குடும்பம் வந்தது. அத்னான் அதே மினி எல்இடியைக் காட்டினார். அடுத்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவர்களையும் அதே டிவிக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினார். பாப்பாயி மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏந் தம்பி, வாரவங்க எல்லாத்தோட ஊட்டுலயும் மேக்காலதான் ஜன்னலா?"

அத்னானுக்கு முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசம் அந்த மாடல் வித்தா கம்பெனிக்காரங்க எங்களுக்குத் தனியாக் கமிஷன் குடுக்கிறாங்க. மறைக்கல. ஆனா உங்க ஊட்டுக்கு நான் சொன்னது..."

"போதுந் தம்பி. ஓலெட்டுக்கு பில்லப் போடுங்க."

அன்றைக்கு ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளின் முகத்தில் வெகுநாளாக இல்லாத தெம்பு இருந்தது. டிவி வந்தபோது பெட்டியின் ஒட்டுநாடாவை நகத்தால் நெருடிப் பார்த்துத்தான் பிரிக்க விட்டாள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். ராத்திரி விளக்கை அணைத்துப் படம் போட்டபோது தனபால், "அட, இருட்டுக்குள்ள இருக்கறவன் சட்டை மடிப்புக்கூடத் தெரியுது புள்ள" என்றார். பக்கவாட்டில் படுத்திருந்தும் நிறம் மாறவில்லை. பாப்பாயி மகனுக்குப் போன் போட்டு, அத்னானைக் கையும் களவுமாகப் பிடித்த கதையை இரண்டு முறை சொன்னாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானத்தில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் டிவி அணைந்தே கிடப்பதைக் கவனித்தாள். கேட்டால், "இப்பத்தான் நிறுத்துனேன்" என்பார் தனபால். நாள் முழுக்க டிவியே கதி என்று இருந்த மனுஷன், தான் வரும் நேரம் பார்த்து எதற்கு நிறுத்துகிறார்? யாரோடாவது போனில் பேசுகிறாரா? பழைய ரிக் ஓனருக்கு ரகசியமாகப் பணம் கிணம் கொடுத்து வைத்திருக்கிறாரா? அவள் மனம் எங்கெல்லாமோ போனது.

ஒருநாள் சந்தையைப் பாதியில் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக வந்தாள்.

தனபால் கண்ணை மூடிப் படுத்திருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் கேட்டது. திரையில் தெரிந்தது ஜன்னலும், அதற்கு வெளியே தெருவில் போன ஒரு ஸ்கூட்டரும், கொடியில் காய்ந்த அவளுடைய சேலையும்தான். அதற்கு நடுவில், நிழல் போல, யாரோ அழுதார்கள்.

"ஏனுங்க, படமே தெரியலையே!"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தவர், மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார். "பகல்ல தெரியாது. சத்தம் கேட்டாப் போதும் எனக்கு. பாத்த படந்தானே."

"என்ற கிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

"நீ அவனக் கண்டுபுடிச்சேன்னு அத்தனை சந்தோசமா இருந்த. அதக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

பாப்பாயி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷம் எல்லோரையும் சந்தேகப்பட்டவளுக்கு, தன் சந்தோஷம் கெடக்கூடாது என்பதற்காகவும் ஒருவர் மறைப்பார் என்று தோன்றியதே இல்லை.

மறுநாள் அத்னானுக்குப் போன் போட்டு, பகலில் படம் தெரியாததைச் சொன்னாள். திட்டுவார், அல்லது குத்திக்காட்டுவார் என்று தயாராக இருந்தாள். அவர் சுவரின் போட்டோவை மட்டும் அனுப்பச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தே விட்டார். இவன் எதற்கு சும்மா வருகிறான் என்று அப்போதும் அவளுக்கு ஒரு நினைப்பு ஓடத்தான் செய்தது. காபி கொடுத்துக்கொண்டே, "பெட்ரோலுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாமக்கல்ல என் மச்சினிச்சி ஊட்டுக்குப் போற வழிங்கம்மா" என்றார் அத்னான்.

டிவியைத் தெற்குச் சுவருக்கு மாற்றச் சொன்னார். கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். ஜன்னலுக்குக் கனமான திரை. செய்தி பார்க்காத நேரத்தில் சேனலை மாற்றிவிடும்படி தனபாலிடம் சொன்னார். மத்தியானத்துப் படம் பாதிக்கு மேல் தெரிந்தது. முழுசாக இல்லை. கட்டிலைத் திருப்பியதில் தனபாலுக்குத் தெருவாசல் போய்விட்டது. யார் வந்தாலும் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது அத்னான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கமிஷன் வாங்குனதும் நெசந்தாங்கம்மா. நான் சொன்னதும் நெசந்தாங்க."

பாப்பாயி ஒரு சின்ன டப்பாவில் நெய் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

தீபாவளிக்கு முன்னால் எதிர்வீட்டு மோகனப்பிரியா டிவி வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வந்தாள். அவள் வீட்டு ஹாலிலும் வெயில்தான். பாப்பாயி அத்னானின் நம்பரைக் கொடுத்தாள். "எந்த மாடலுக்கு அவருக்குக் கமிஷன்னு மொதல்ல கேட்டுப்போடு. மறைக்காமச் சொல்லுவாரு. அப்புறம் அவரு சொல்றதையே வாங்கு."

மோகனப்பிரியா மினி எல்இடி வாங்கினாள். மாட்டிய மறுநாள், உச்சி வெயில் நேரத்தில் பாப்பாயி போய்ப் பார்த்தாள். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. படம் பளிச்சென்று இருந்தது. எழுத்தைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் நின்றும் அந்தப் பக்கம் நின்றும் பார்த்தாள். வெகு நேரம் கழித்து வீடு திரும்பினாள்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டார் தனபால்.

"பக்கவாட்டுல நின்னா வெளுக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.