புதுப்பட்டிக்கு நாள் பேசப் போனோம்

1988, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு பத்துக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நானும் அப்பாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், தலைக்கு ஒரு ரூபாய் இருபது காசு. போகிற காரியம் நல்ல காரியம். வ. புதுப்பட்டியில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தன் மகன் முருகேசனுக்கு என் அக்கா செண்பகத்தைக் கேட்டிருந்தாள். அக்காவுக்கும் சம்மதம். கல்யாணத்துக்கு நாள் பேசிவிட்டு வருவதுதான் பாக்கி.

ஏறியதுமே என் கோபம் ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கண்டக்டர் மூன்று தடவை ஊர் கேட்டார். பதில் வராததும், "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று பஸ்ஸுக்கே சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பழமொழியை உண்டாக்கினவனை மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டும். அப்பா அங்கே இருபத்தேழு வருஷமாக நிற்பவர். வரிசை வரிசையாக மிஷின்கள்; பக்கத்தில் இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வார்கள். அது எந்தச் சத்தத்தைத் தடுக்கும்? நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டன. மில் டாக்டர், "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாற்பது ஒரு வயதா?

எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அரைக் கிலோ பால்கோவா பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு சீப்புப் பழம், வெற்றிலை பாக்கு. எட்டரைக்கு வத்திராயிருப்பு பஸ். கிருஷ்ணன்கோவில் தாண்டினால் மலை கிட்டே வந்துவிடும், தென்னையும் வயலுமாக இருக்கும். அங்கே ஏறிய புதுப்பட்டிப் பெரியவர் ஒருவர் அப்பாவைப் பார்த்து, "ஏலே சீனி, நீயா?" என்று எங்கள் சீட்டிலேயே நெருக்கி உட்கார்ந்தார்.

"சௌக்கியமாண்ணே?" என்று அப்பா பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அவர் குரல் எப்போதும் அப்படித்தான்.

பெரியவர் என்னிடம் திரும்பினார். "ஒங்கப்பன் காது மாதிரி ஒரு காது இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது, தெரியுமா? சின்னப் பயலா வரப்புல படுத்துக் கெடப்பான். வாய்க்கால்ல எவனாவது மடையை வெட்டி விட்டா, தண்ணிச் சத்தத்தை வச்சே இன்னார் வயலுக்குப் போகுதுன்னு சொல்லிருவான். கடலைக் காட்டுல பன்னி எறங்குனா இவனுக்குத்தான் மொதல்ல கேக்கும்."

"பொறவு ஏன் மில்லுக்கு அனுப்புனாக?"

"மழையத்த வருசம்ப்பா. வீட்டுல ஒரு வாயி கொறையட்டும்னு அனுப்புனாக."

அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. அவர் அனுப்பிய சம்பளத்தில்தான் தாத்தாவின் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. அத்தைக்குக் கல்யாணமும் நடந்தது. அந்த நிலத்தை இன்று உழுது சாப்பிடுவது அத்தையின் புருஷன். நல்லா இருக்கட்டும். ஆனால் காதைக் கொடுத்தவர் ஒருவர், நெல்லை அளப்பவர் இன்னொருவர் என்ற நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்குப் புதுப்பட்டி. அத்தை வாசலுக்கே வந்து, "வாங்கண்ணே" என்று பையை வாங்கிக்கொண்டாள். அப்பாவை முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து காபி கொடுத்தார்கள். நான் கை கால் கழுவப் பின்பக்கம் போனேன். செத்த நேரம் கழித்துத் திரும்பியபோது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் அடுப்படி வாசலில் அத்தையும் மாமாவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்; முருகேசனும் பக்கத்தில் நின்றான். அப்பா அவர்களையே பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்புலே" என்றார்.

"எலை போட்டாச்சே அண்ணே" என்று அத்தை பதறினாள். அப்பா திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அக்காவின் வாழ்க்கையை இப்படியா உதறிவிட்டுப் போவார் ஒரு மனுஷன்? நான் மாமாவிடம், "அவருக்குக் காது கேக்காததால ஏதோ தப்பா நெனச்சுக்கிட்டாரு, மனசுல வச்சுக்காதீக" என்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தப் பால்கோவாவையாவது திரும்ப எடுத்து வந்திருக்கலாம்.

பதினொன்றரைக்குத்தான் பஸ் கிடைத்தது. அப்பாவின் முகத்துக்கு நேரே திரும்பி, "என்னப்பா இது? அவுக என்ன செஞ்சாக?" என்று பொரிந்தேன். அவர் சொன்னார்.

"ஒங்க மாமன் சொல்றாரு, செவிட்டு வீட்டுப் பொண்ணை வேற எவன் கட்டுவான், நம்ம சொல்றதுதான் பேச்சுன்னு. பொறக்கறது செவிடா இருந்தா, செண்பகத்தைக் கொண்டுபோயி அவ அப்பன் வீட்டுலயே விட்டுட்டு வேற பாத்துக்கிடலாமாம். ஒங்கத்தை தலையை ஆட்டுறா."

மில் கூடத்தில் வாயசைவுதான் பேச்சு. இந்த வரிசையில் நிற்பவன் அடுத்த கோடியில் இருப்பவனின் உதட்டைப் பார்த்தே ஊர் வம்பெல்லாம் பேசிவிடுவான். எதிரே நின்று பேசினால் அப்பாவுக்குப் புரியும் என்பது எங்களுக்குத் தெரியும். அவரிடம் பேசாத பேச்சையும், அத்தனை தூரத்திலிருந்து, அவர் வாசிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டில் அவர் முன்னாலேயே நாங்கள் முணுமுணுத்ததெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு முகம் சுட்டது.

"முன்னயும் இப்படிப் பேசியிருக்காகளா?"

"எல்லாத் தடவையும்தான். பொங்கலுக்குப் போனாலும், எழவுக்குப் போனாலும்."

"தெரிஞ்சுமா வருசா வருசம் பழம் வாங்கிட்டுப் போனீக?"

"என்னையச் சொன்னதை நான் வச்சுக்கிட்டேன்லே. இன்னைக்கு அவளைச் சொல்லிட்டாக."

அவர் குரலில் பஸ் முழுக்கக் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மணிக்கு ராஜபாளையம். எங்கள் தெருவில் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் டீக்கடையில் கையை ஆட்டி, உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் காது மந்தம்; ஒருவரை ஒருவர் செவிடன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மரியாதையைக் கற்றுக்கொள்ள நெல் விளைகிற பூமியில் ஆள் இல்லாமல் போயிற்று.

அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். நடந்ததை அப்பாவே சொன்னார். அவள் அழவில்லை. அப்பாவுக்கு எதிரே வந்து நின்று, அவருக்குப் புரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"அவுக சொல்றப்ப அவரு அங்க இல்லையாப்பா?"

"இருந்தான் தாயி. அவன் வாயைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் தெறக்கலை."