கஞ்சி போட்ட ரிப்பன்

குக்கர் பழுதாகிவிட்டதால் இன்று பானையில் சோறு வடித்தேன். கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்ததும் என் பழைய ரிப்பன் ஞாபகம் வந்தது.

சீவலப்பேரியில் எங்கள் வீட்டில் ரிப்பனைக் கடையில் வாங்கியதில்லை. அப்பாவின் பழைய வேட்டியை அம்மா நீளமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, வடிகஞ்சியில் முக்கிக் காயப்போடுவாள். மடித்துக் கட்டிய இரட்டைச் சடையில் அது முயல் காது மாதிரி விறைத்து நிற்கும். மற்ற பிள்ளைகளின் நைலான் ரிப்பன் மத்தியானத்துக்குள் தொங்கிவிடும். இருந்தாலும் எனக்கு நைலான் மேல்தான் ஆசை.

ஒருநாள் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பின்னாலிருந்து யாரோ சடையை இழுத்தார்கள். திரும்பினால் ஓர் ஆடு. ரிப்பனில் பாதி அதன் வாயில். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா மிச்ச ரிப்பனை அவிழ்த்துப் பார்த்தாள். “ஏட்டி, இதுக்கா அழுத? நைலான் கட்டுனவளுவளும் அங்கனதான நின்னாளுவ. ஆடு உன்னையத்தான தேடி வந்துருக்கு” என்றாள்.

கஞ்சியைக் கொட்டாமல் எடுத்து வைத்தேன். மகளுக்கு ரிப்பன் தைக்க வீட்டில் பழைய வேட்டியும் இருக்கிறது. இந்த மூன்றாவது மாடியில் ஆடுதான் இல்லை.