எஸ்தரின் தங்கமீனும் என் புறஊதா விளக்கும்

வளர்ப்பு மீன் வியாபாரத்தில், செத்த மீனைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பவர்களிடம்தான் பாதி நாள் பேச வேண்டியிருக்கும். வீட்டில் தொட்டி வைத்திருக்கும் உங்களுக்கும் இந்தப் பேஜார் தெரிந்ததுதான்.

முதல் கவர்

ஆம்பூரில் என் கடைக்கு எஸ்தர் வந்தார். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. வீட்டில் ஐந்து வருடமாக வளர்க்கும் தங்கமீன் ஒன்று. அதற்குத் துணையாக என்னிடம் வாங்கிப்போன சின்ன மீன் ஒரே வாரத்தில் செத்துக் கவரில் கிடந்தது. பெரிய மீனின் உடம்பிலும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். நான் யோசிக்கவே இல்லை. "உங்க போர் தண்ணிதாம்மா காரணம்" என்று சொல்லி, யுவி விளக்கு ஒன்றை விற்றேன். மோட்டார் தண்ணீரை ஒரு குழாய்க்குள் தள்ளும். உள்ளே எரியும் புறஊதா விளக்கு, கடந்து போகும் கிருமிகளைக் கொல்லும்.

"சின்னது போனா போவட்டும்ணா, பெருசு போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

திறந்த மூடி

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். விளக்கு உண்மையில் எரிகிறதா என்று மூடியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, உற்றுப் பார்த்திருக்கிறார். கண்ணில் மணல் கொட்டியது போல எரிச்சல், இரண்டு நாள் லீவு. வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது என்று அட்டையில் எழுதியிருக்கிறதே என்றேன்.

"கண்ணால பாக்காம ஒரு பீஸைக்கூட நான் பாஸ் பண்ணதில்லண்ணா."

காணாமல்போன நீலம்

விளக்கு தண்ணீரில் மிதக்கும் கிருமியைத்தான் கொல்லும். மீன் உடம்பில் ஒட்டியிருப்பதற்கு மருந்துதான் ஊற்ற வேண்டும். நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தேன். மூன்று நாள் ஊற்றியும் புள்ளிகள் ஜாஸ்தியாகி, மீன் அடியில் படுத்துவிட்டது. மருந்து ஊற்றும் நாட்களில் விளக்கை அணைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மருந்தின் நீலத்தை வெளுக்கவைத்து அதைக் கெடுத்துவிடும். இதைச் சொல்ல மறந்தது நான். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"வெளுத்துப்போன தண்ணிக்குத்தான் மூணு நாளா மருந்து ஊத்துனனா? இன்னாண்ணா நீங்க!"

புள்ளிக் கணக்கு

விளக்கை அணைத்து, பாதித் தண்ணீரை மாற்றி, முதலிலிருந்து மருந்து ஊற்றச் சொன்னேன். எஸ்தர் தொட்டியில் ஒரு தாளை ஒட்டி, கம்பெனியில் ஷூத் தோலில் கறை தேடுவது போலப் புள்ளிகளை எண்ணி எழுத ஆரம்பித்தார். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார். நானும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் போனைத்தான் பார்ப்பேன். இரண்டாவது வாரம் அவரே போன் செய்தார்.

"வால்ல இருந்த கடைசிப் புள்ளியும் போய்ட்ச்சுண்ணா, இப்ப தீனி கேட்டு மேல வருது!"

என் கடைத் தொட்டி

அடுத்த மாதம் இன்னொரு துணை மீன் வாங்க வந்தார். மீனைப் பார்க்கவில்லை. கடைத் தொட்டியின் யுவி விளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றினேன். விளக்கைச் சுற்றியிருந்த கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்பு அடித்தது போல உப்புப் படிந்திருந்தது. உள்ளே எரியும் விளக்கு டியூப்பை எப்போது மாற்றியது என்று கேட்டார். எனக்கு ஞாபகமே இல்லை. நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் போனால் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். அவர் வீட்டுக்கு வியாதி எங்கிருந்து போனது என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மீன் இப்ப வேணாம்ணா. புது டியூப் ஒண்ணு எடுங்க, எனக்கில்ல, உங்களுக்கு. மாட்டுங்க, நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

இப்போதெல்லாம் யாராவது கவரோடு படியேறினால், அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன் என் கடை விளக்கைக் கழற்றிப் பார்க்க, என் கை தானாக அதன் பிளக்கைப் பிடுங்கப் போய்விடுகிறது.