பகலில் மட்டும் பிரசவம்

சட்டசபையில் மாட்டு டாக்டருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஆளுங்கட்சி வரிசைக்கும் எதிர்க்கட்சி வரிசைக்கும் நடுவில், வழியை ஒட்டிய நாற்காலி. மற்ற நாற்காலிகளின் மெத்தையெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருக்க, அது மட்டும் வாங்கிப் போட்ட அன்றிருந்த மாதிரியே உப்பலாக இருந்தது. மனிதர் உட்கார்ந்தால்தானே! ஒரு நிமிடம் இந்தப் பக்கம் குனிந்து ஒருவர் காதைக் கடிப்பார். மறு நிமிடம் அந்தப் பக்கம் போய் இன்னொருவர் தோளில் கை போடுவார். டீ வந்தால் நின்றபடியே பாதி குடித்துவிட்டு, கோப்பையை எங்காவது வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சபை கலைந்ததும் பெருக்க வருகிறவர்கள் ஜன்னல் விளிம்பிலோ மாடிப்படியிலோ ஒரு அரைக் கோப்பையைக் கண்டால், "டாக்டர் இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிருக்கார்" என்பார்கள்.

அவர் நிஜமாகவே மாட்டு டாக்டர்தான். கிராமங்களே அதிகமுள்ள ஒரு மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக ஊர் ஊராகச் சுற்றியவர். அந்த மாவட்டத்தில் பாதிப் பேர் ஒரு பெரிய கட்சி, மீதிப் பேர் இன்னொரு பெரிய கட்சி. பசுமாடு வயிறு ஊதிக் கிடக்கும்போது எவனும் டாக்டர் எந்தக் கட்சி என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான். அதனால் அவர் நுழையாத தொழுவம் இல்லை, அவரைத் தெரியாத வீடு இல்லை. ஒரு தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு ஆகாத ஆட்களை நிறுத்த, நடுவிலிருந்த ஒரு சின்னக் கட்சி டாக்டரைப் பிடித்து நிறுத்தியது. அவ்வளவு சின்னக் கட்சி. அதன் முக்கியஸ்தர்கள் எல்லாரும் அவருடைய ஜீப்பிலேயே அடங்கிவிடுவார்கள். ஜெயித்துவிட்டார். அதற்கப்புறம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

ஜெயித்ததில் ஜீப்புக்கும் பங்கு உண்டு. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, எது வந்தாலும் டாக்டர் ஒரே வழிதான் வைத்திருந்தார். சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் ஜீப்பின் பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, டிரைவரிடம் "வண்டியை எடு" என்பார். அந்த மாவட்டத்து ரோடு எப்படி என்றால், வண்டி போகப் போக இருவர் முழங்காலும் இடிக்கும், தலையும் தலையும் முட்டும், ஒருவர் மடியில் ஒருவர் விழாத குறைதான். முன்சீட்டிலிருந்து டாக்டர் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வருவார். "நீ பாதி விட்டுக் கொடு, அவன் பாதி விட்டுக் கொடுப்பான்." எலும்பு கழன்றுவிடும் என்ற பயத்திலேயே முக்கால்வாசிப் பேர் சரியென்று இறங்கிவிடுவார்கள். ரோடு நன்றாகிவிட்டால் எவனும் சமாதானத்துக்கு வர மாட்டான் என்றுதான் டாக்டர் ரோடு போட விடுவதில்லை என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. பாவம், அது அபாண்டம். ரோட்டுக்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது.

எதையும் பாதியாகப் பிளந்துவிட்டால் தீர்ந்தது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மேட்டு ஊரும் ஆற்றங்கரை ஊரும் பஸ் நிறுத்தம் எங்களுக்குத்தான் என்று கட்டிப் புரண்டபோது, டாக்டர் இரண்டு ஊருக்கும் நடுவில் சரிபாதியில் நிறுத்தத்தைக் கொண்டுபோய் வைத்தார். சுற்றிலும் பொட்டல். ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. இந்த ஊர்க்காரனும் வெயிலில் நடந்தான், அந்த ஊர்க்காரனும் நடந்தான். எதிராளிக்குக் கிடைக்கவில்லை என்ற சந்தோஷத்தில் இரண்டு ஊரும் அவருக்கே ஓட்டுப் போட்டன. அவர் மனைவி மட்டும் கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்து வாத்தியார், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"அங்க யாருங்க இருக்கா, பஸ் ஏற?"

"ரெண்டு ஊருக்கும் பொதுவா இருக்குல்ல?" என்றார் டாக்டர், செருப்பை மாட்டிக்கொண்டே.

இப்படியே போய்க்கொண்டிருந்த மனிதர்தான் பிரசவ வார்டில் வந்து மாட்டிக்கொண்டார்.

மாவட்டத்தின் சின்ன டவுனில் ஒரு ஆஸ்பத்திரி, அதில் ஒரு பிரசவ வார்டு. செலவு கட்டுப்படியாகவில்லை, வார்டை மூடிவிட்டு எல்லாரையும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. ஒரு செங்கல்லைத் தொட்டாலும் விடமாட்டோம் என்று எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. சபையில் இரண்டு பக்கமும் தலைக்குத் தலை சமம். டாக்டர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

டாக்டர் வழக்கம்போலத் தன் ஜீப்பை வரவழைத்தார். ஆளுங்கட்சிக் கொறடாவையும் எதிர்க்கட்சித் தலைவரையும் பின்சீட்டில் ஏற்றி, நம் மாவட்டத்தை நேரில் பாருங்கள் என்று கூட்டிப்போனார். திரும்பி வரும்போது இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சமாதானம் ஆகிவிட்டது. வார்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை திறந்திருக்கும். இருட்டிய பிறகு வலி வந்தால் ஆம்புலன்ஸில் நகரத்துக்கு. ஆம்புலன்ஸ் போவதற்காக மேட்டு ஊர், ஆற்றங்கரை ஊர் இரண்டின் வழியாகவும் புத்தம் புதிய தார் ரோடு. டாக்டரே அதை மசோதாவுக்குத் திருத்தமாகக் கொடுப்பது, இரண்டு கட்சியும் ஆதரிப்பது என்று ஏற்பாடு. மூவரும் கைகோத்து நின்ற போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ரோடு வரப்போகிறது என்று மேட்டு ஊரில் வெடி வெடித்தார்கள். சத்தம் கேட்டு ஆற்றங்கரையிலும் வெடித்தார்கள்.

டாக்டரின் மகள் அந்த வார்டில்தான் நர்ஸ். அன்று வேலை முடிந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னப்பா, எல்லாரும் கை குலுக்கிட்டீங்களாமே?"

"பின்ன? பாதிப் பாதி. வார்டும் போகல, ரோடும் வந்துடுச்சு. எத்தனை வருஷமா கேட்ட ரோடு!"

"நீங்க கன்னுக்குட்டி எடுக்கப் போவீங்களேப்பா, அதெல்லாம் பகல்லதான் பொறந்துச்சா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பகல்லயா? கல்யாணமான புதுசுல இந்த மனுஷன் முகத்தையே நான் பகல் வெளிச்சத்துலதான் பாத்தேன். ராத்திரி ஆனா போதும், யாராவது வந்து கதவைத் தட்டிடுவாங்க, மாடு முக்குதுன்னு."

"அதான் ஆம்புலன்ஸ் இருக்கேம்மா" என்றார் டாக்டர் மகளிடம்.

"தலை வெளிய வந்தப்புறம் ஆம்புலன்ஸ்ல என்னப்பா பண்றது? பாதி இப்ப, பாதி நகரத்துலன்னு பிள்ளைகிட்ட சமாதானம் பேசுவீங்களா?"

டாக்டர் எழுந்து வாசல் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அவருக்குத் தெரியாதா? லாந்தர் வெளிச்சத்தில் தோள்பட்டை வரை கையை விட்டுக் கன்றை இழுத்த மனிதருக்கு, எந்தத் தாயும் நேரம் பார்த்துப் பெறுவதில்லை என்று யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? தெரிந்தேதான் மறந்திருக்கிறார். பாதியாகப் பிளக்கிற வேகத்தில், எதைப் பிளக்கிறோம் என்று பார்க்கவே இல்லை.

இப்போது பின்வாங்கலாமா என்றால், சொன்ன சொல் என்னாவது? மற்றவர்களுக்குக் கட்சி இருக்கிறது, கொடி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அவருக்கு இருப்பது வாக்கு ஒன்றுதான். அதை இரண்டு பக்கமும் நம்புவதால்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. பின்வாங்கினால் ரோடும் போய்விடும், அதோடு அவரும் போய்விடுவார். யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தார். ஒரு அறையில் வைத்த கண்ணாடியை இன்னொரு அறையில் தேடிக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மத்தியானம், ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துல யாரு சார் வர்றாங்க?"

"யாரும் வரல. நான் மட்டும்தான். எடு."

டிரைவர் பல காலமாக அவரோடு இருப்பவர். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு பேர்னே வெச்சுக்கறேன்" என்று வண்டியை எடுத்தார்.

ஜீப் குலுக்கியது. டாக்டரின் முழங்காலில் இடிக்கப் பக்கத்தில் முழங்கால் இல்லை. அவருக்குள்ளேயே ரோட்டை விட்டுவிடு என்று ஒருவன் சொன்னான், வார்டை விட்டுவிடு என்று இன்னொருவன் சொன்னான். இரண்டு பேரும் இறங்குவதாக இல்லை.

பொட்டலில் அந்தப் பஸ் நிறுத்தம் வந்தது. நிறைமாதப் பெண் ஒருத்தி புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். பஸ் அவளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. இனி ஊருக்கு நடக்க வேண்டும். டாக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டார்.

"எந்த ஊரும்மா?"

"மேட்டு ஊருங்கய்யா. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகல. டவுனுக்குச் செக்கப்புக்குப் போயிட்டு வரேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்த ஸ்டாப்ப எந்தப் புண்ணியவான் இங்க கொண்டுவந்து வெச்சானோ!"

டிரைவருக்கு இருமல் வந்துவிட்டது.

"ரெண்டு ஊருக்கும் சண்டை வரக்கூடாதுன்னு வெச்சிருப்பாங்கம்மா" என்றார் டாக்டர்.

"சண்டை வந்திருந்தா ஒரு ஊர்க்காரங்களாவது வாசல்ல ஏறி வாசல்ல இறங்கியிருப்பாங்கய்யா."

டாக்டர் பேச்சை மாற்ற, "பிரசவத்துக்கு பயமா இருக்கா?" என்று கேட்டுவைத்தார்.

"இருந்துச்சுங்க. அங்க ஒரு நர்ஸக்கா இருக்காங்க, ரொம்பத் தங்கமானவங்க. வலி எந்நேரத்துல வந்தாலும் வந்துடு, ராத்திரியா இருந்தாலும் நான் இருப்பேன்னு கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. அதுக்கப்புறம் பயம் போயிடுச்சு."

மேட்டு ஊரில் அவளை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். டாக்டர் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார், அவர் மகள் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டில் ஒன்றுதான் நிற்கும்.

மறுநாள் சபாநாயகர் டாக்டரின் திருத்தத்தை அழைத்தார். டாக்டர் எழுந்தார். வழக்கமாக அவர் பேச்சு வழவழா கொழகொழா என்றுதான் இருக்கும், 'ஒருபுறம்' என்று தொடங்கி 'மறுபுறம்' என்று முடியும். அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பகலில் மட்டும் பிள்ளை பெறுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டுக்குக்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. என் திருத்தத்தை நானே திரும்பப் பெறுகிறேன்."

"என்ன விளையாடறீங்களா டாக்டர்?" என்று கொறடா கத்தினார். எதிர்க்கட்சித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தொகுதிக்கும் அந்த ரோட்டில் ஒரு பங்கு இருந்தது. வேறு யாரும் திருத்தம் கொடுக்க நேரம் கடந்துவிட்டது. மூல மசோதா ஓட்டுக்கு வந்தது. விடமாட்டோம் என்று சொன்ன வாயால் எதிர்க்கட்சி வேறென்ன சொல்ல முடியும்? எதிர்த்துத்தான் கை தூக்கினார்கள். டாக்டரும் அவர்களோடு தூக்கினார். மசோதா ஒரு ஓட்டில் தோற்றது. வார்டு தப்பியது, ரோடு செத்தது.

அன்று சபை கலையும் வரை டாக்டர் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பேச இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். பிள்ளை பெறுவது எப்போதோ ஒரு நாள், ரோட்டில் போவது தினமும். ஜனங்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஜென்மப் பகையாக இருந்த மேட்டு ஊரும் ஆற்றங்கரையும் டாக்டரைத் தோற்கடிப்பது என்று ஒன்றுகூடின. கூட்டத்தை எந்த ஊரில் போடுவது என்று கேள்வி வந்தபோது, நடுவிலிருந்த பஸ் நிறுத்தத்தில் போட்டார்கள். அந்த நிறுத்தம் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்கு மட்டும்தான். வாழ்நாளெல்லாம் அந்த இரண்டு ஊரையும் சேர்த்துவைக்கப் பாடுபட்டவருக்கு, அவை சேர்ந்ததைப் பார்க்கிற பாக்கியம் இப்படிக் கிடைத்தது. முடிவு வந்ததும் வீட்டுக்குள் போய் அழுதார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"வரணும்னுதான்பா பாத்தேன். ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல வலி. ஒருத்தி மேட்டு ஊரு, ஒருத்தி ஆத்தங்கரை."

"வர வேண்டாம், வர வேண்டாம். எப்படி இருக்காங்க?"

"அடுத்தடுத்த கட்டில்ல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து உங்களைத்தான் திட்டறாங்க. வர்ற வழியில வண்டி குலுக்கின குலுக்கல்ல உயிரே போயிடுச்சாம். ரோட்ட கெடுத்தவன் நாசமாப் போகன்னு ஒருத்தி ஆரம்பிச்சா, இன்னொருத்தி முடிக்கறா. நான் உங்க பொண்ணுன்னு சொல்லிக்கல."

"சொல்லாதம்மா" என்றார் டாக்டர். "திட்டட்டும். வலிக்கு நல்லது."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். மனைவி ஜீப்புச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருந்தது. வார்டில் விளக்கெல்லாம் எரிந்தன. வெளி வராந்தாவில் இரண்டு இளம் ஆண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்த மகள் திகைத்தாள்.

"இங்க எதுக்குப்பா வந்தீங்க?"

"வீட்ல இருப்புக் கொள்ளல."

"சரி, அந்த பெஞ்சுல உட்காருங்க. ரெண்டும் தலைப்பிரசவம். முடிய விடிஞ்சுடும்."

அவள் உள்ளே போனாள். டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். உட்காரவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து அவரும் நடக்க ஆரம்பித்தார்.