கீறலோடு வாங்கிய வண்டி

வாடகை நாற்காலிக் கடைக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிறுசுகளுக்கு அவர் கீறல் மாமா. பெரியவர்களுக்குக் கீறல் அண்ணன். முதுகுக்குப் பின்னால் வெறும் கீறல்.

காரணம் இல்லாமல் இல்லை. வாடகைக்குப் போன நாற்காலிகள் திரும்பி வரும் நாளில் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, கால், கை, முதுகு என்று கட்டைவிரலால் தடவிக்கொண்டே வருவார். விரல் எங்காவது தட்டி நின்றதோ, போச்சு.

"இது என்ன? இது என்னங்கிறேன்?"

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். முன்பணத்தில் கொஞ்சமாவது பிடித்துக்கொள்ளாமல் ஆளை விடமாட்டார்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, சூது கிடையாது. காலையில் கண்ணை மூடிக் கும்பிடாமல் பூட்டில் சாவியை நுழைக்கமாட்டார். ஆண்டவன் அவரைச் செய்தபோது கோபத்தை மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டுவிட்டான், அவ்வளவுதான்.

அவருடைய பழைய பிக்கப் வண்டி ஒரு திங்கட்கிழமை, நூற்றிருபது நாற்காலிகளைச் சுமந்துகொண்டு நடுச்சாலையில் புகை கக்கி நின்றது. வண்டி ஓட்டுவது அவர் மனைவியின் தம்பி. மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நோயாளி வீட்டாரிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, இதுக்கு மேல இதுக்குச் செலவு பண்ணாதீங்க. விட்டுடுங்க."

வண்டியின் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார் கடைக்காரர். கால்தான் வலித்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஐந்நூறு நாற்காலி போயாக வேண்டும். வருஷம் முழுவதும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கூட்டங்களுக்கு அவர் நாற்காலிதான். கடையின் பாதிப் பிழைப்பு அது. அதற்குமுன் கொடுத்துக்கொண்டிருந்த வேறொரு கடைக்காரர் ஒரே ஒரு நாள் அரைமணி நேரம் தாமதமாக வந்தார். தலைமை ஆசிரியை அதற்குப் பிறகு அவரை வாசல் மிதிக்க விடவில்லை. ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வண்டி வேண்டும்.

"சொந்தமாவே வாங்கிடுவோங்க," என்றாள் மனைவி. "கிடங்குக் கூரைக்குன்னு வச்சிருக்கிறதை எடுத்தா முன்பணத்துக்கு ஆகும். கூரை இன்னொரு வருஷம் தார்ப்பாயோட கிடக்கட்டும்."

"உனக்கென்ன தெரியும்? வாங்கிப் போட்டா பழசாகும், ரிப்பேர் வரும், நம்ம தலையில உட்காரும். லீசுக்கு எடுத்தா மூணு வருஷம் ஓட்டினோமா, திருப்பிக் கொடுத்தோமா, நிம்மதியா இருந்தோமான்னு போயிடலாம்."

இருபது வருஷமாக வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லிவரும் பேச்சுத்தான் அது. நாற்காலி என்று வரும் இடத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மைத்துனரையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். லீஸ் அதிகாரி கழுத்தில் டை, வாயில் தேன். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். எட்டுப் பக்கத் தாளை விரித்து வைத்து, விரலால் ஓட்டிக்கொண்டே போனார். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. வண்டியில் துளை போடக்கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நசுங்கல் இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம்.

"அது நியாயந்தானே," என்றார் கடைக்காரர், பெருந்தன்மையாக.

பிறகு வெளியே வந்து வண்டியைக் காட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, தொட்டால் கை ஒட்டும் போலப் புத்தம் புது வண்டி. பழக்கதோஷம், கடைக்காரர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பின்கதவின் கீழ் மூலையில் விரல் தட்டி நின்றது. சாண் நீளத்துக்கு ஒரு கோடு.

"இது என்ன?"

"கம்பெனி யார்டுலேர்ந்து இங்க கொண்டு வரும்போது பட்டிருக்கும் சார். ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா தாளில எழுதுங்க. வாங்கும்போதே இருந்ததுன்னு."

"அதெல்லாம் எதுக்கு சார்? திருப்பிக் கொடுக்கும்போது பேசிக்கலாம். நான் எங்க போயிடப்போறேன்?"

கடைக்காரருக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை குப்பென்று ஏறியது.

"பேசிக்கலாமா? மூணு வருஷம் கழிச்சு நீ இங்க இருப்பியா, வேற கம்பெனியில டை கட்டிக்கிட்டு இருப்பியா? அன்னிக்கு இன்னொருத்தன் வந்து, இது நீ ஓட்டும்போது விழுந்த கீறல்னு எங்கிட்ட பிடுங்குவான். எனக்கு அடுத்தவன்கிட்டயும் இதே கீறலைக் காட்டிப் பிடுங்குவான். யார் காதுல பூச்சுத்தறே? இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியாதா?"

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும் மச்சான்!"

அவ்வளவுதான். அதிகாரியை விட்டுவிட்டு மைத்துனர் மேல் பாய்ந்தார். "நீ ஓட்டுற வண்டியில நான் ஏறவே மாட்டேன், நடந்தே போறேன்," என்றார். ஏறுவதற்கு வண்டியே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. வேகாத வெயிலில் இருவரும் சாலைக்கு ஆளுக்கொரு பக்கமாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். மனைவி துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் அடங்கியபின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த நர்ஸ் பொண்ணும் இதையேதானேங்க சொன்னா?"



இரண்டு மாதத்துக்கு முன்பு, தன் தகப்பனார் இறந்த அன்று, வருகிறவர்கள் உட்கார நாற்பது நாற்காலி எடுத்துப்போனாள் அந்த நர்ஸ். எடுக்கும்போதே, "அண்ணே, ஒண்ணுல கீறல் இருக்கு," என்றாள். இவர்தான், "திருப்பிக் கொடுக்கும்போது பேசிக்கலாம், நான் எங்க போயிடப்போறேன்?" என்றார். திருப்பிக் கொடுத்தபோது பிடித்தும் கொண்டார். அழுது வீங்கிய கண்ணோடு நின்றவள், "சரிண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"வாயை மூடு!" என்று மனைவியிடம் கத்திவிட்டுக் கிடங்குக்குப் போனார்.

நாற்காலிகளுக்கெல்லாம் முதுகில் எண் உண்டு. அவர் தேடியது, நர்ஸிடம் பிடித்த அந்த எண்பத்தேழு. மூன்றாவது அடுக்கின் அடியில் இருந்தது. உருவினார். நாற்காலியின் இடது கையில் அந்தக் கோடு. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எண்பத்தேழாம் எண்ணுக்கு நான்கு பேரிடம் பிடித்திருந்தார். ஒரே கீறல், நான்கு பேர். பொய் என்று நினைத்துச் செய்ததில்லை. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் பார்ப்பதுபோல் அவருக்குக் கோபம் வந்தது, பிடித்தார். கோபம் உண்மையாக இருந்தால் கணக்கும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தார், பாவம்.

நாற்காலியை எட்டி உதைத்தார். திரும்ப எடுத்து நிமிர்த்தி வைத்து, அதிலேயே உட்கார்ந்தார். இனி யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தார்ப்பாயின் ஓட்டை வழியாக வந்த வெயில் சரியாக அவர் வழுக்கையில் விழுந்தது. அதைத் திட்டினார்.

மறுநாள் மனைவியிடம், "ஒரு நாள் உபயோகத்துக்கு வாடகை சரி. தினமும் வயித்துப்பாட்டுக்கு ஓடுற வண்டி சொந்தமா இருக்கணும்," என்று, தானே கண்டுபிடித்ததுபோல் அறிவித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் முடிவு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஷோரூமில் அந்த லீஸ் அதிகாரி அவரைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பயப்படாதே. வாங்கத்தான் வந்திருக்கேன். அதே வண்டியைக் கொடு."

"வேற நல்ல வண்டி இருக்கு சார், கீறல் இல்லாம..."

"அதே வண்டி. கீறலுக்கு விலையைக் குறை. எழுதிக் கொடு, கீறலோட வித்தேன்னு. எழுதாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் கேட்டு, வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் அந்தத் தாளை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

சனிக்கிழமை ஐந்நூறு நாற்காலியும் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கின. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதுவே பாராட்டு. திரும்பும் வழியில், "ஆஸ்பத்திரித் தெருவுக்கு விடு," என்றார் மைத்துனரிடம். வண்டியின் பின்னால் ஒற்றை நாற்காலி மட்டும் கயிறு கட்டி நின்றது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? எடுக்கும்போதே கீறல் இருக்குன்னு சொன்னே இல்ல? அதை எழுதி வாங்கிக்கிட்டுப் போகத் தெரியாதா? ஒருத்தன் அநியாயமா பிடிச்சா, சரிண்ணேன்னு போயிடுவியா? நாலு வார்த்தை கேட்டிருக்க வேணாமா? இந்தா, உன் பணம்!"

அவள் பணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திட்டிக்கிட்டே கொடுக்கிறீங்களேண்ணே."

"வேற எப்படிக் கொடுக்கிறது? இந்த நாற்காலியும் உனக்குத்தான். இதுக்கு நாலு பேர் காசு கொடுத்தாச்சு. கடையில வச்சிருந்தா எனக்கு வயித்தெரிச்சல்."

அவள் நாற்காலியை வாங்கி வாசலில் போட்டாள். கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நாலு பேரா? அப்போ மத்த மூணு பேர்?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கதவை அறைந்து சாத்தினார். சட்டைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"எங்க மச்சான், வீட்டுக்கா?"

"கேள்வி கேக்காம ஓட்டு. முதல்ல மர மில் சந்து. அங்க ஒரு தையல்காரன் இருக்கான், அவனையும் போய்த் திட்டணும்."