நீல மாத்திரையும் என் இரண்டு மாடுகளும்

நான் எழுதிப் பழகாதவள். அஞ்சாம் வகுப்போடு சரி. வார்த்தை முன்பின்னாக வந்தாலும், சிலது மறந்துபோனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பாலக்காட்டு எல்லையோரம் மீனாட்சிபுரத்தில். வீட்டுக்காரர் போன பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டாக்டரிடம் சொல்லக் கூச்சம். பக்கத்து வீட்டுக்காரி யாரோ வாங்கி வந்தது என்று நீல மாத்திரை கொடுத்தாள். அட்டையில் பேர்கூட இல்லை. தினம் ஒன்று போட்டேன். தூக்கம் வந்தது, விடிந்த பிறகும் விடவில்லை. நடந்தால் தள்ளாடினேன். கறந்த பாலைத் தவிட்டு வாளியில் ஊற்றினேன். தூக்கம் போதாமல்தான் இப்படி ஆகிறது போல என்று பகலிலும் பாதி போட்டேன்.

"அம்மாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு. ரெண்டு மாட்டையும் வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிர்றேன்" என்றான் மகன்.

"என்னையும் சேத்து ஓட்டு. பல்லைப் புடிச்சுப் பாத்து வெல சொல்லுவாங்க" என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். அவள்தான் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு எங்களைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள்.

மூத்திரப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. "வயசுதாங்க" என்றான் மகன். டாக்டரம்மா மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார்.

"இது கம்பெனி மருந்து மாதிரி தெரியல. தூக்க மருந்தைப் பாத்துப் புதுசா செஞ்சு விக்கறாங்க, சாதாரணப் பரிசோதனையில சிக்காது. ஈரல்தான் இதை உடைக்கணும். சிலது உடைஞ்சாலும், அந்தத் துண்டும் தூக்க மருந்தாவே வேலை செய்யும். வயசானவங்க உடம்புல மெதுவாத்தான் கழியும். நேத்துப் போட்டது போறதுக்குள்ள இன்னிக்குப் போட்டது மேல ஏறிக்கும்."

சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வருமாம். வேறு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்.

எனக்கு உடனே பிடிபட்டது. மடிவீக்கத்துக்கு ஊசி போட்டால், மருந்து பாலை விட்டுக் கழியும் வரை அந்த மாட்டுப் பாலை சொசைட்டியில் ஊற்றமாட்டோம்.

வீடு திரும்பினால் வாசலில் மாட்டுத் தரகர். அயல் ஆண்களிடம் நிமிர்ந்து பேசியவள் இல்லை நான். அன்றைக்குப் பேசினேன். "ஏனுங்க, விக்கறதா இல்லீங்க. போயிட்டு வாங்க."

மகன் முறைத்தான்.

"ஊசி போட்ட மாட்டை வித்தா போட்டோம்? பால் தெளியற வரைக்கும் பொறுத்தோமல்ல? எனக்கும் பொறு."

"தெளியலேன்னா?"

"அப்பப் பேசு. இப்பப் பேசாத."

மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்த மாதக்கணக்கில் ஆயிற்று. கை நடுங்கியது, எரிச்சல் வந்தது, நான் விடவில்லை. தூக்கம் இன்னமும் அரைகுறைதான், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு மாட்டையும் நான்தான் கறக்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். மருந்து தெரிந்தவர்கள் யாராவது அந்த இடத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். மாடு விஷயத்தில் திருத்த ஒன்றும் இல்லை.